கடலை உடைபடும் ஓசை நின்ற காலைப்பொழுது

சென்ற மாதம் தில்லி முனிர்காவில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் வான்படையில் அண்மையில் சேர்ந்த அதிகாரி. நான் இன்னார் என்பதை அவர் அறியார். தம் பக்கத்திலிருந்தவருக்கு அவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஸ்பை சார். பலூன்ல டெல்லிக்குள்ள நுழையப் பாத்திருக்கான். மூணு ஜெட் போயிருக்கு. ஆப்ஸ் ரூம்ல நம்ம தமிழாள் ஒருத்தர் இருந்திருக்கார். ஸ்கிரீனைப் பாத்தே உள்ள இருக்கறது யாருன்னு சொல்லிட்டாராம்!"

"அப்புறம்?"

"அப்புறமென்ன, சுட்டுத் தள்ளிட்டாங்க."

நான் பாயசத்தைக் கீழே வைத்தேன். "தம்பி, அந்தத் தமிழர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று வினவினேன்.

"அவரு போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு சார்," என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன்.

அந்தத் தமிழன் நான்தான். ஒற்றன் எவனும் வரவில்லை. சென்ற போர்வானூர்தி ஒன்றே. என் முன்னால் திரை எதுவும் இருந்ததில்லை. ஒரு குண்டும் சுடப்படவில்லை. இறந்து போனதாகக் கருதப்படும் ஒருவனுக்கு மறுப்பெழுதும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று. கிட்டியதை நழுவவிடக் கூடாது என்று கருதியே இக்கட்டுரையை வரைகிறேன். மற்றொரு காரணமும் உண்டு. வான் காப்புப் படை என்றாலே சுடுவோர் கூட்டம் என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். அப்படையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. சுடாமலிருப்பது எப்படி என்பதையே நான் அங்கு நாள்தோறும் கண்டேன்.

இப்படையின் தோற்றத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். உலகப் போரின்போது சென்னையில் விளக்குகளை மறைத்துக்கொண்டு மக்கள் வாழ்ந்ததை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்காலத்தில் வானத்தைக் காத்தவை பெரும்பாலும் மனிதரின் கண்ணும் காதுமே. பின்னர் ரேடார் வந்தது. (இச்சொல்லுக்கு நான் தமிழில் ஆக்கிய சொற்களை நண்பர்கள் ஏற்றுக்கொள்ளாமையால் இங்கு ரேடார் என்றே எழுதுகிறேன்.) விடுதலைக்குப் பின் எல்லைப்புறப் போர்கள் தந்த படிப்பினையால் ரேடார் நிலையங்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டன. போர்வானூர்திகளும் பீரங்கிகளும் ஏவுகணைகளும் அத்தொடருடன் பிணைக்கப்பட்டன. அப்போதும் தாழப் பறந்து வருவனவற்றை ரேடார் தவறவிடும் என்பதால், எல்லையோரச் சிற்றூர்களில் தொலைநோக்கியும் வானொலிக் கருவியுமாக வீரர்கள் அமர்ந்திருந்தனர். இன்று எல்லாவற்றையும் கணினி ஒருங்கே காட்டுகிறது. அது எங்களைவிடச் சிறப்பாகவே காட்டுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் செய்யவேண்டிய வேலை மாறவில்லை: வருவதைக் காணுதல், அது இன்னதென அறிதல், இடைமறித்தல், வேறு வழியே இல்லையெனில் அழித்தல். பொதுமக்கள் நான்காவதை மட்டுமே அறிவர். என் காலம் முழுதும் இரண்டாவதிலேயே கழிந்தது.

நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, பயிற்சி முடித்து, சில நிலையங்களில் பணியாற்றி, தில்லிக்கு அருகே ஓர் இயக்க அறையில் (அந்த இளைஞர் சொன்ன 'ஆப்ஸ் ரூம்' இதுவே) சேர்ந்தேன். அவ்வறையின் நடுவே ஆளுயரத்துக்கும் மேலான கண்ணாடிப் பலகை ஒன்று நின்றது. அதில் வட இந்தியாவின் நிலப்படம் வரையப்பட்டிருந்தது. அதிகாரிகள் முன்புறம் அமர்ந்திருப்பர். நான் பின்புறம் நிற்பேன். காதில் அணிந்த கருவியில் ரேடார் நிலையத்தார் சொல்லச் சொல்ல, வானூர்தி இருக்குமிடத்தை மெழுகுப் பென்சிலால் கண்ணாடியில் குறிப்பேன். முன்னால் இருப்போர்க்கு நேராகத் தெரியவேண்டுமாதலால் எண்களையும் எழுத்துகளையும் நான் இடவலம் மாற்றியே எழுதவேண்டும். அவர்கள் பார்வையை நான் மறைக்கலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

கை பழகிவிட்டால் வீட்டிலும் அப்படியே வரும். ஒருநாள் என் மனைவி அடுக்களை நாட்காட்டியுடன் வந்து நின்றார்.

"என்ன இது? எரிவாயு வந்த தேதிய எழுதச் சொன்னா இப்படி எழுதி வச்சிருக்கிய. மொகம் பாக்குற கண்ணாடியக் கொண்டாந்துதான் வாசிக்கணும் போலுக்கே!"

"அலுவலகத்தில் இப்படித்தான்..."

"அங்ஙன எழுதுங்க. இங்ஙன நேரா எழுதுனா போதும்."

எங்கள் அறையின் தலைவர் விங் கமாண்டர் சுந்தரம் அவர்கள். அவருடைய தந்தையார் நடுவண் அரசில் எழுத்தர்; இவர் தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் இந்தி தாராளமாகக் கலந்திருக்கும். தூய தமிழில் பற்றுடைய என் செவிக்கு அது சிறு துன்பம். ஆனால் அவரைப்போல் ஒரு மேலாளரை நான் பிறகு கண்டிலேன். குரலை உயர்த்தவே மாட்டார். நிலைமை கடுமையாகும்தோறும் குரல் தாழும். தில்லிக் குளிர்காலத்தில் தெருவெங்கும் விற்கும் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் எப்போதும் அவர் மேசைமேல் இருக்கும். பலகையைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பை உண்டு, தோலை ஒரு கிண்ணத்தில் இடுவார். அந்த ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்வரை அறையில் அனைவரும் அமைதியாக இருப்போம். அது நின்றால் நிமிர்ந்து நிற்போம்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதையும் ஒருமுறை கேட்டு அமையமாட்டார். திரும்பத் திரும்பக் கேட்பார். விடை மாறவில்லை என்றாலும் கேட்பார். இதனால் மிகுதியும் அல்லலுற்றவர் மதுரைக்காரர் முத்துக்கருப்பன். பெரிய ரேடார் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு உயரத்தில் என்று அறிய வேறொரு ரேடார் உண்டு. அது மேலும் கீழுமாகத் தலையசைத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அதைத் தலையாட்டி என்போம். அதை இயக்குபவர் முத்துக்கருப்பன். நிலையத்திலிருந்து என் காதுக்கருவியில் அவர் குரல் வரும். உயரத்தைக் கேட்டால் மட்டுமே சொல்வார். ஒவ்வொரு முறையும் கருவியைப் பொருளின்மேல் திருப்பி அளக்கவேண்டும்.

மாசி மாதத்து ஒரு காலை. மூடுபனி விலகி வெயில் வந்திருந்தது. தில்லிக்கு மேற்கே மங்கலான புள்ளியொன்று தோன்றியதாக நிலையத்தார் அறிவித்தனர். மிக மெதுவாக நகர்ந்தது. பறக்கும் ஒவ்வொன்றும் முன்கூட்டியே பெற்றிருக்கவேண்டிய அனுமதி எண் ஒன்று உண்டு. எங்கள் அறையின் மூலையில் இருப்பவர் அவ்வெண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இதற்கு எண் இல்லை. நான் கண்ணாடியில் சிவப்புக் குறியிட்டேன்.

சுந்தரம் அவர்கள் முதலில் காற்றைப் பற்றிக் கேட்டார். மேற்கிலிருந்து வீசுகிறது என்றார் வானிலையாளர். புள்ளியின் திசையும் வேகமும் காற்றினுடையனவே. மனிதர் செலுத்தும் எதுவும் காற்றை ஓரளவேனும் எதிர்த்துச் செல்லும்; காற்றின் போக்கிலேயே போவது ஆளற்ற பொருள் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். எனவே, அறுந்துபோன பலூன் என்று எல்லோரும் கருதினோம். கடலை உடைபட்டுக்கொண்டே இருந்தது.

ஆயினும் அது சென்ற வழி நன்றாயில்லை. நேரே தில்லி வானூர்தி நிலையத்தை நோக்கி வந்தது. பயணியர் நிறைந்த வானூர்திகள் அங்கு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் நேரம். அருகிலிருந்த தளத்திலிருந்து போர்வானூர்தி ஒன்றை மேலெழுப்பினர். அதற்கு வழிகாட்டியவர் கௌர் என்னும் இளம் பெண் அதிகாரி. பணியில் புதியவர், குரலில் நடுக்கம் என்பதே இல்லை. பலூனின் அருகே அதைக் கொண்டுசென்று விட்டார். மணிக்கு நூற்றுக்கணக்கான கல் வேகத்தில் செல்லும் வானூர்தி, மிதக்கும் பொருளைக் கண்ணிமைக்கும் நேரமே காணமுடியும். அதுவும் விமானியின் கண்ணுக்கு எதிரே வெயில். கடந்துபோன பின் அவர் குரல் சிரிப்புடன் ஒலித்தது:

"குப்பாரா ஹை, மேடம். சாய் கா இஷ்திஹார்!"

பலூன்தான், தேயிலை விளம்பரம் என்றார். அறையே சிரித்தது. விளம்பர பலூன் கயிறறுந்து பறப்பது புதிதன்று.

மேலிடத்துத் தொலைபேசி ஒலித்தது. அவர்கள் சொன்னதில் தவறு எதுவுமில்லை என்பதை இங்கே பதியவேண்டும். பலூனுக்கு முன்னால் ஓர் இருப்புப்பாதை குறுக்கிட்டது. அதற்கு இப்பால் ஆளரவமற்ற கடுகு வயல்கள். அப்பால் நெருங்கிய குடியிருப்புகள். சுடுவதானால் பாதையைத் தாண்டுமுன் சுடவேண்டும். தாண்டிவிட்டால் சுட இயலாது. பலூன் பயணியர் வானூர்திகளுக்கு நடுவே போய்ச் சேரும். விமானி இரண்டாம் முறை திரும்பி வந்துகொண்டிருந்தார். கௌர் நிமிர்ந்து, "விமானி சுட அனுமதி கேட்கிறார் ஐயா" என்று ஆங்கிலத்தில் தெரிவித்தார்.

கடலை ஓசை நின்றது.

"உயரம்?" என்றார் சுந்தரம் அவர்கள். பலூன் முதலில் தோன்றியபோது ஒருமுறை கேட்டிருந்தார், நான் குறித்திருந்தேன். நான் முத்துக்கருப்பனைக் கேட்டேன். அவர் சொன்னதை எழுதினேன். முன்னதைவிட உயர்ந்திருந்தது. காலை வெயிலில் பலூன் மேலேறுவது இயல்பே.

"மறுபடி."

காதுக்கருவியில் முத்துக்கருப்பனின் குரல் வெடித்தது. "என்னண்ணே இது, அத்துப்போன பலூனுக்குப் போயி இத்தன தடவ! அது என்ன நம்மகிட்ட சொல்லிட்டா ஏறி எறங்கப் போகுது?"

"கேட்டதைச் சொல்லப்பா."

அவர் மீண்டும் அளந்தார். பிறகு வேறொரு குரலில் பேசினார். "அண்ணே... எறங்கிருச்சுண்ணே."

எழுதினேன். சுந்தரம் அவர்கள் மீண்டும் கேட்டார். இப்போது முத்துக்கருப்பன் முணுமுணுக்கவில்லை. "ஏறுதுண்ணே. இந்தா, மறுபடி ஏறுது."

ஆளற்ற பலூன் ஏறும், பிறகு இறங்கும், அத்தோடு அதன் வாழ்வு முடிந்தது. ஏறி, இறங்கி, மீண்டும் ஏறுவதில்லை. சுந்தரம் அவர்கள் எழுந்து வந்து கண்ணாடிக்கு அருகே நின்றார். முன்புறம் அவர் முகம். பின்புறம் என் முகம். நடுவே நான் எழுதிய எண்கள். தாழ்ந்திருந்த வேளையில் புள்ளிகளின் வரிசை சற்றே வடக்கே வளைந்திருந்தது. உயர்ந்தபோது பழையபடி கிழக்கே திரும்பியிருந்தது. அவர் விரலால் அவ்வளைவைத் தடவினார். பணியறையில் ஆங்கிலமே பேசவேண்டும் என்பது விதி. அவர் கண்ணாடியைச் சுற்றி என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, தம் கோல் மார்க்கெட் தமிழில் சொன்னார்:

"நாதன், இது சும்மா குப்பாரா இல்லே. உள்ளே யாரோ இருக்கா. எந்த உயரத்திலே நல்ல காத்து கிடைக்கும்னு தேடிண்டிருக்கா."

பிறகு தம் இடத்துக்குத் திரும்பிப்போய், "சுடவேண்டாம்" என்று கௌரிடம் சொன்னார். கௌர் அதை விமானிக்குச் சொல்லி முடிக்கும் முன்பே மேலிடத்துத் தொலைபேசி மீண்டும் அலறியது. சுந்தரம் அவர்களின் குரல் அதுவரை நான் கேட்டிராத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பயணியர் வானூர்திகள் எல்லாவற்றையும் தொலைவிலேயே வட்டமிடச் செய்யுமாறும், பார்த்துவர ஹெலிகாப்டர் ஒன்றை அனுப்புமாறும் கேட்டார். மறுமுனையில் என்ன கேட்டார்களோ தெரியாது. "ஆம் ஐயா, பொறுப்பு என்னுடையது," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த புள்ளியை நான் குறித்தபோது அது இருப்புப்பாதைக்கு அப்பால் விழுந்தது. இனிச் சுடவே முடியாது. உள்ளே ஒருவரும் இல்லையென்றால், வானில் வட்டமிடும் அத்தனை பயணியர்க்கும் நேரும் இடருக்கு அவர் ஒருவரே விடைசொல்ல வேண்டும். அவருடைய பணியும் அதோடு முடிந்திருக்கும். அவர் கையில் உடைக்காத ஒரு கடலை இருந்தது. அதை உருட்டிக்கொண்டே இருந்தார். கௌர் எழுதுகோலைக் கடித்தார். நான் எழுதினேன்: இறக்கம், ஏற்றம், இறக்கம். அந்த எண்களைப்போல் எதையும் நான் அத்துணை அன்போடு எழுதியதில்லை.

ஹெலிகாப்டர் விமானியின் குரல் வந்தது. கூடை தெரிகிறது என்றார். இருவர் இருக்கின்றனர் என்றார். ஒருவர் தலைக்கு மேலே நெருப்பை இயக்குகிறார். பிறகு சிறிது தயங்கி, "இன்னொருவர் தலைப்பாகையை அவிழ்த்து எனக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறார்," என்றார்.

என் காதில் முத்துக்கருப்பன் போட்ட சீழ்க்கை அன்று முழுதும் ஒலித்தது. முன்புறத்தில் ஒரு கடலை உடைந்தது.

நடந்தது இதுதான். அரியானாவின் சிறு நகரொன்றில் சந்தை விழா. தேயிலை நிறுவனமொன்றின் விளம்பரத்துக்காக, நெருப்பின் சூட்டால் மேலெழும் பெரிய பலூன் ஒன்றைக் கயிற்றில் கட்டி மக்களைத் தூக்கிக் காட்டினர். கட்டப்பட்ட பலூனாதலால் அனுமதி எண் பெறவில்லை. முதல் ஆளாக ஏறியவர் அவ்வூர் இனிப்புக்கடை உரிமையாளர் லாலாஜி. கயிறு அறுந்தது. பலூனை இயக்கியவர் ஓய்வுபெற்ற படைவீரர். பலூனைத் திருப்ப இயலாது, உயரத்தை மட்டுமே மாற்றலாம் என்பதால், தில்லியை விட்டு விலகி வடக்கே செல்லும் காற்றைத் தேடி ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறார். இறுதியில் அக்காற்று கிடைத்து, ஒரு கடுகு வயலில் இறங்கினர். பலூனொன்று காணாமற்போன செய்தி காவல் துறை வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தபோது, வயலுக்கு உரியவர் லாலாஜிக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

சில நாள்களில் லாலாஜி அந்தப் பலூனோட்டியையும் அழைத்துக்கொண்டு, கலாகந்து என்னும் பால் இனிப்புப் பெட்டிகளுடன் எங்கள் நிலைய வாயிலுக்கு வந்துவிட்டார். உள்ளே அழைத்தோம். அந்தப் போர்விமானியும் அன்று வந்திருந்தார். லாலாஜி எங்களுக்கு நன்றி கூறினார். கூடவே ஒரு முறையீடும் வைத்தார். "வழிகாட்ட ஜெட் அனுப்பினீர்களே, மிக்க மகிழ்ச்சி. அதைப் பார்த்து நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். அந்த விமானி திரும்பியும் பாராமல் போய்விட்டாரே, இதுதான் மரியாதையா?" என்று இந்தியில் கேட்டார்.

போர்விமானி கையிலிருந்த இனிப்பை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றார். பலூனோட்டி மட்டும் சுந்தரம் அவர்களை நிமிர்ந்து பார்த்தார்; படையில் இருந்தவராதலால் அவருக்குப் புரிந்திருக்கும். சுந்தரம் அவர்கள் கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நயா லட்கா ஹை, லாலாஜி," என்றார் அமைதியாக. "மாஃப் கர் தீஜியே."

புதுப்பையன், மன்னித்துவிடுங்கள் என்பது அதன் பொருள். லாலாஜி பெருந்தன்மையுடன் மன்னித்து, புதுப்பையனுக்கு மேலும் இரண்டு இனிப்புகளை ஊட்டியே விட்டார். அவர் போன பின், சுடவிருந்ததை அவரிடம் ஒருவரும் சொல்லக்கூடாது என்று சுந்தரம் அவர்கள் ஆணையிட்டார். "அந்த மனுஷன் நிம்மதியா மிட்டாய் விக்கட்டும், பஸ், அது போதும்," என்று என்னிடம் தனியே தமிழிலும் சொன்னார்.

மறு ஆண்டு அதே சந்தை விழாவின்போது அவ்வூர் வழியே ஒரு பயிற்சிப் பறப்புக்கு முறைப்படி அனுமதி எண் பெறப்பட்டிருந்தது. அவ்வெண்ணை நான்தான் கண்ணாடியில் இடவலம் மாற்றி எழுதினேன். வழிகாட்டியவர் கௌர், விமானி அதே புதுப்பையன். சந்தைக்கு மேலே வந்ததும் வானூர்தியை இடமும் வலமுமாகச் சாய்த்து இறக்கைகளை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வாயிலுக்கு வந்த இனிப்புப் பெட்டி முன்னதைவிடப் பெரிது. "இப்போதுதான் பையன் தேறியிருக்கிறான்" என்று லாலாஜி சொல்லியனுப்பியதாக வாயிற்காவலர் தெரிவித்தார். என் மனைவி எங்கள் பங்குக் கலாகந்தைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, நீங்க உசுரக் காப்பாத்துன ஆளுக்கு, நீங்கதான் சுடப் பாத்தியன்னு தெரியாதாக்கும்?" தெரியாது என்றேன். "நல்லதாப் போச்சு. தெரிஞ்சா இனிப்பு வருமா?" என்றார்.

நினைவிலிருந்தே எழுதியிருக்கிறேன். மாசியா பங்குனியா என்பதிலும், பலூன் முதலில் இறங்கியதா ஏறியதா என்பதிலும் எனக்கு ஐயம் இருக்கலாம். அன்று பணியிலிருந்த நண்பர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் என் பிழைகளைத் தயங்காது திருத்தவேண்டுகிறேன். முனிர்காவில் கதை சொன்ன இளைஞர், நான் உயிருடன் இருக்கிறேன் என்னும் திருத்தத்தை ஏற்றருள்க. வாசகர்களுள் யாரேனும் அந்தச் சந்தையூரில் கலாகந்து வாங்கப் போனால், திருத்தங்களை எனக்கே அனுப்புங்கள். லாலாஜியிடம் மட்டும் எதையும் திருத்த வேண்டா.